முன்பக்கம் பொத்தான், பின்பக்கம் கணக்கு

தமிழ்நாட்டில் 15 முதல் 24 வயது வரையிலான பெண்களில் ஏறத்தாழ 98 சதவீதம் பேர் மாதவிடாய் நாட்களில் சுகாதாரமான பொருட்களைப் பயன்படுத்துவதாக 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அகில இந்திய அளவில் இது 78 சதவீதம். இதை மட்டும் பார்ப்பவர், பொதுக் கழிப்பறையில் நாப்கின் வைப்பதற்காக ஒரு தனி அத்தியாயம் எழுத வேண்டுமா என்று கேட்கலாம். வீட்டு அலமாரியைப் பொறுத்தவரை அவர் கேட்பது நியாயமே. 2011இல் அறிவிக்கப்பட்ட புதுயுகம் திட்டம் கிராமப்புறப் பெண் பிள்ளைகளுக்கு நாப்கினை இலவசமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. 2018 ஜூலையில் நாப்கின் மீதான 12 சதவீத ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டது. 2019 ஆகஸ்டிலிருந்து மக்கள் மருந்தகங்களில் ஒரு நாப்கின் ஒரு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இவை அனைத்தும் மாதத் தொடக்கத்தில் வாங்கி வைப்பவருக்கான ஏற்பாடுகள். மாதவிடாயோ தேதி பார்த்து வருவதில்லை. பேருந்து நிலையத்திலோ கல்லூரித் தேர்வறையிலோ அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவிலோ நான்கு நாள் முன்னதாக வந்துவிட்டால், வீட்டு அலமாரியில் இருக்கும் பாக்கெட்டால் என்ன பயன்? அந்த அரை மணி நேரத்துக்கு, கைக்கு எட்டும் தூரத்தில் ஒன்றே ஒன்று இருந்தால் போதும். இந்த அத்தியாயம் அந்த ஒரு நாப்கினைப் பற்றியது. உள்ளாட்சி அலுவலர்கள், கல்லூரி நிர்வாகிகள், கழிப்பிட ஒப்பந்தக்காரர்கள், வார்டு உறுப்பினர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது.

நாப்கின் மெஷின் நமக்குப் புதிதல்ல. பள்ளிகள், கல்லூரிகள், ரயில் நிலையங்கள் எனப் பல இடங்களில் பத்து ஆண்டுகளுக்கு மேலாகவே சுவரில் தொங்குகிறது. அவற்றில் பல மூடிக் கிடப்பது பார்த்தவர்களுக்குத் தெரியும். காரணத்தைத்தான் யாரும் விசாரிப்பதில்லை. பரவலாகக் கிடைக்கும் பெட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு சுருள் கம்பி, அதைச் சுற்றும் சிறு மோட்டார், நாணயம் அறியும் ஒரு கருவி, ஒரு சர்க்யூட் போர்டு, இவ்வளவுதான் இருக்கும். கொள்ளளவு பெரும்பாலும் 25 முதல் 50. நாணயக் கருவி காசின் விட்டம், தடிமன், உலோகம் ஆகியவற்றைப் பார்த்து முடிவு செய்கிறது. நம் ஐந்து ரூபாய் நாணயம் மட்டுமே தடித்த வெள்ளை உலோகம், மெல்லிய எஃகு, பித்தளை நிறம் என்று மூன்று விதமாகப் புழங்குகிறது. ஒன்றுக்குப் பழக்கிய கருவி மற்றொன்றைத் துப்பிவிடும். பத்து ரூபாய் நாணயத்தின் கதை வேறு. 14 வடிவங்களும் செல்லும் என்று 2018இல் ரிசர்வ் வங்கி அறிவித்த பிறகும் பல ஊர்க் கடைகளில் அதை வாங்க மறுத்தார்கள். ஆகவே யார் பையிலும் அது இருப்பதில்லை. சுருள் கம்பியோ பிஸ்கட் பாக்கெட் போன்ற விறைப்பான பொருளை நினைத்துச் செய்யப்பட்டது. மெத்தென்ற நாப்கின் அதில் மடங்கிச் சிக்கிக்கொள்ளும். காசு உள்ளே போகும், பொருள் பாதி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். இது இரண்டு முறை நடந்தால் அந்தக் கழிப்பறைக்கு வழக்கமாக வருகிறவர்கள் மெஷின் பக்கமே திரும்ப மாட்டார்கள்.

இதற்கு மருந்து என்று இப்போது விற்பனையாளர்கள் கொண்டுவருவது கியூ.ஆர். கோடு. நாணயத் தொல்லை தீர்ந்தது, ஜி-பே செய்துவிட்டு எடுத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். காய்கறி வண்டியில்கூட யு.பி.ஐ. வந்துவிட்ட நாட்டில் இது இயல்பான யோசனைதான். ஆனால் கழிப்பறை என்பது காய்கறி வண்டி நிற்கும் தெருவல்ல. டைல்ஸ் பதித்த தடித்த சுவர்களுக்குள், சில இடங்களில் தரைக்குக் கீழே, சிக்னல் ஒரு கோடு காட்டினாலே அதிகம். கைப்பையையும் செல்போனையும் வெளியே துணைக்கு வந்தவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போவது நம் பெண்களின் பழக்கம். ஈரத் தரையும் உடைந்த கொக்கியும் பழக்கிய பழக்கம் அது. பள்ளிச் சிறுமிக்குப் போனே கிடையாது. அதே ஐந்தாவது கணக்கெடுப்பு, இந்தியாவில் தானே பயன்படுத்தும் சொந்தக் கைப்பேசி உள்ள பெண்கள் 54 சதவீதம்தான் என்கிறது. சொந்தப் போன் இருப்பவர்கள் எல்லோருமே பணப் பரிமாற்றச் செயலி வைத்திருப்பதும் இல்லை. பணம் போய்விட்டது, பொருள் வரவில்லை என்றால் பேருந்து நிலையத்தில் எந்த எண்ணுக்கு அழைப்பது, யாரிடம் என்ன சொல்லிக் கேட்பது? நாணயம் ஒரு தடை. அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொரு தடையை நிறுத்துவதற்குத் தொழில்நுட்பம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

போன் எண்ணும் ஓ.டி.பி.யும் கேட்கிற மெஷின்கள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. எந்தப் பெண் எந்தத் தேதியில் நாப்கின் எடுத்தாள் என்பது எங்கோ ஒரு சர்வரில் பதிவாகிறது. அதனால் என்ன என்று கேட்பவர்களுக்கு அமெரிக்க அனுபவம் ஒன்று இருக்கிறது. மாதவிடாய் தேதிகளைக் குறித்துவைக்க உதவும் ஃப்ளோ என்ற செயலி, பயனர்களின் உடல்நலத் தகவலை ஃபேஸ்புக் உள்ளிட்ட நிறுவனங்களுடன் பகிர்ந்துகொண்டதாக அந்நாட்டு வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது; 2021இல் அந்த நிறுவனம் சமரச ஒப்பந்தத்துக்கு வந்தது. நம் நாட்டிலும் 2023இல் தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. நான்கு ரூபாய்ப் பொருளைக் கொடுப்பதற்காக ஒரு நகராட்சி இவ்வளவு அந்தரங்கமான தகவலைச் சேர்த்து வைத்துக்கொண்டு, அதைக் காப்பாற்றும் பொறுப்பையும் தலையில் ஏற்றிக்கொள்வது வேண்டாத வேலை. சேர்க்காத தகவலைக் காக்க வேண்டியதில்லை.

ஆக, இந்த நூல் பரிந்துரைக்கும் அமைப்பு ஒன்றுதான். பெண் நிற்கும் பக்கத்தில் மெஷின் எதையும் கேட்கக் கூடாது: காசு, கார்டு, எண், முகம், காரணம் எதுவும் வேண்டாம். ஒரு பொத்தான் அல்லது திருகினால் ஒன்று விழும் ஒரு குமிழ், அவ்வளவே. அறிவும் மின்னணுவும் இணையமும் மெஷினின் பின்பக்கம், அதை நிரப்புகிறவர்களையும் மேற்பார்வையிடுகிறவர்களையும் நோக்கித் திரும்பி நிற்கட்டும். எத்தனை போயிற்று, எத்தனை மீதி, எப்போது காலியாயிற்று, காலியான பிறகு எத்தனை மணி நேரம் காலியாகவே கிடந்தது என்பவைதான் அங்கே பதிவாக வேண்டும். யார் எடுத்தார் என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை.

விலையில்லாமல் கொடுத்தால் கணக்கு வைக்க முடியாது என்று தணிக்கைப் பிரிவிலிருந்து ஒரு குரல் உடனே எழும். அந்தக் குரலுக்கான பதில் 2021 மே மாதத்திலிருந்து நம் ஊர்ச் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. மகளிர் விடியல் பயணத்தில் பெண்கள் பணம் தருவதில்லை. ஆனாலும் நடத்துநர் ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுக்கிறார். பயணி பெயரோ ஊரோ அதில் இல்லை. எத்தனை பேர் ஏறினார்கள் என்ற எண் மட்டும் கிடைக்கிறது. போக்குவரத்துக் கழகத்துக்கு அரசு ஈடுகட்டும் தொகைக்கு அந்த எண்ணே அடிப்படை. இலவசமும் துல்லியமான கணக்கும் ஒரே கையில் இருக்க முடியும் என்பதை ஒரு மாநிலமே நாள்தோறும் லட்சக்கணக்கான முறை நிரூபித்துவருகிறது. அதே பயணத் திட்டம் பெண்களை முன்னைவிட அதிக தூரம், அதிக நேரம் வீட்டுக்கு வெளியே கொண்டுவந்திருக்கிறது என்பதையும் கழிப்பறைத் திட்டம் போடுபவர்கள் கணக்கில் எடுக்க வேண்டும்.

அடுத்து வருவதுதான் பெரிய ஆட்சேபம்: சும்மா கிடைக்கிறதென்றால் நான்கு பேர் வந்து மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். கழிப்பறை மக்கையே சங்கிலி போட்டுக் கட்டிவைக்கும் ஊரில் இந்தப் பயத்தை ஏளனம் செய்ய முடியாது. பயத்தையும் எண்ணாக்கிப் பார்ப்போம். நாளொன்றுக்கு 1,000 பெண்கள் வந்துபோகும் ஒரு கட்டணக் கழிப்பிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களில் மாதவிடாய் வரும் வயதில் இருப்பவர்கள் 700 பேர் என்று வைப்போம். 28 நாளில் ஐந்து நாள் என்றால், எந்த ஒரு நாளிலும் அவர்களில் சுமார் 125 பேர் மாதவிடாயில் இருப்பார்கள். பெரும்பாலானோர் கையோடு கொண்டு வந்திருப்பார்கள். பத்தில் ஒருவருக்குத் தேவைப்படுகிறது என்றால் நாளொன்றுக்கு 12 அல்லது 13. தனித்தனியாக உறையிட்ட நாப்கின் ஒன்று நான்கு ரூபாய் என்று கொண்டால், ஒரு நாள் செலவு 50 ரூபாய்; ஆண்டுக்குச் சுமார் 18,000. தலைக்கு ஐந்து ரூபாய் வாங்கும் அந்தக் கழிப்பிடத்துக்குப் பெண்கள் பக்கத்திலிருந்து மட்டுமே நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வருகிறது. அதாவது வசூலாகும் ரூபாயில் ஒரு பைசா. தேவையைப் போல மூன்று மடங்கு அள்ளிக்கொண்டு போகப்பட்டாலும் மூன்று பைசா. இவை எடுத்துக்காட்டுக்கு வைத்த எண்கள்தான். உங்கள் கழிப்பிடத்தின் எண்களைப் போட்டுப் பாருங்கள். விகிதம் பெரிதாக மாறாது.

இந்தக் கணக்குக்குப் பிறகும் தயக்கம் தீராதவர்களுக்குத் தொழில்நுட்பத்திலேயே ஒரு வழி உண்டு. ஒன்று விழுந்த பின் அடுத்தது விழுவதற்குள் சில விநாடிகள் குமிழ் பூட்டிக்கொள்ளும்படி செய்யலாம். உண்மையில் தேவைப்பட்டு வந்தவருக்கு அந்தக் காத்திருப்பு உறைக்காது. மொத்தமாக அள்ள வந்தவருக்கு நின்று நின்று சலித்துவிடும். ஜப்பானில் 2021இல் வந்த ஓய்டெரு என்ற ஏற்பாடு வேறு வழியில் போயிற்று. அங்கே வணிக வளாகக் கழிப்பறைகளின் தனியறைகளுக்குள் சிறு திரையுடன் மெஷின் இருக்கும். செயலி உள்ள போனை அருகில் கொண்டுபோனால் நாப்கின் வரும். திரையில் ஓடும் விளம்பரம் செலவை ஈடுகட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, 25 நாட்களில் ஏழு என்ற வரம்பும் உண்டு. தனியறைக்குள் வைத்ததும் விளம்பரத்தில் செலவை ஈடுகட்டியதும் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை. வரம்பு வைப்பதற்காகச் செயலியைக் கட்டாயமாக்கியது எடுத்துக்கொள்ளக் கூடாதது. ஏறக்குறைய எல்லோர் கையிலும் ஸ்மார்ட்போன் உள்ள நாட்டுக்கு அது சரியாக இருக்கலாம். அமெரிக்காவின் ஈகல் நிறுவனம் கழிப்பறைக் காகிதம் போலவே நாப்கினைச் சுருளாகச் சுற்றி, கிழித்து எடுக்கும்படி தனியறையில் தொங்கவிடுகிறது. முன்பக்கம் இதைவிட எளிமையாக இருக்க வழியில்லை. ஆனால் தண்ணீர் தெறிக்கும் நம் கழிப்பறையில் அந்தச் சுருள் ஒரு பொழுது தாங்காது. நமக்கு மூடிய பெட்டிதான் தோது.

பின்பக்கத்துக்கு வருவோம், காசைச் செலவழிக்க வேண்டிய இடம் அதுதான். திருகும் குமிழ் உள்ள மெஷினுக்கு மின்சாரமே வேண்டாம். கரண்ட் போனாலும் நாப்கின் விழும். குமிழின் அச்சில் ஒரு சிறு காந்தமும் எதிரே ஒரு காந்த உணரியும் பொருத்தினால் ஒவ்வொரு சுற்றும் எண்ணப்படும். எண்ணியதை ஒரு சிம் கார்டு நாளுக்கு இரண்டு முறை எஸ்.எம்.எஸ். ஆக அனுப்பினால் போதும். இடையில் கையிருப்பு மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கினால் உடனே ஒன்று. எந்நேரமும் இணையத்தில் இருக்க வேண்டியதில்லை என்பதால் பேட்டரி நீண்ட நாள் வரும். எச்சரிக்கை ஏன் மூன்றில் ஒரு பங்கிலேயே வர வேண்டும்? மேலே போட்ட கணக்கின்படி 30 கொள்ளும் பெட்டி மூன்றாம் நாளே காலி. பத்து மீதமிருக்கும்போது தகவல் வந்தால்தான் நிரப்ப முக்கால் நாள் அவகாசம் கிடைக்கும். திருவிழா, தேர்வுக் காலம், முகூர்த்த நாள் என்றால் அதுவும் கிடைக்காது. சில மாதத் தரவு சேர்ந்துவிட்டால் எந்தக் கிழமை எந்தக் கழிப்பறையில் எவ்வளவு போகும் என்பது தெரிந்துவிடும். மெஷின் கேட்பதற்கு முன்பே கொண்டுபோய் வைக்கலாம்.

ஆனால் எச்சரிக்கை யாருக்குப் போகிறது என்பதில்தான் பல திட்டங்கள் படுத்துவிடுகின்றன. தலைமை அலுவலகத்தின் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிவதால் பேருந்து நிலையத்தில் பெட்டி நிரம்பாது. நிரப்பப் போகிறவர் அங்கே ஷிஃப்டில் இருக்கும் தூய்மைப் பணியாளர். அவர் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளி. பெட்டியின் சாவி மேற்பார்வையாளரிடம் இருக்கும், அவர் ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவார். ஸ்டாக் வேறொரு அறையில், அந்த அறையின் சாவி இன்னொருவரிடம். இப்படிப்பட்ட இடத்தில் எவ்வளவு புத்திசாலியான மெஷினை மாட்டினாலும், தான் காலியாக இருப்பதை அது துல்லியமாக அறிவித்துக்கொண்டே இருக்கும். எனவே மெஷின் வாங்குவதற்கு முன்பே மூன்று ஏற்பாடுகள் முடிந்திருக்க வேண்டும்: ஷிஃப்டில் இருக்கும் பெண் பணியாளரிடம் சாவி, கழிப்பறைக்குள்ளேயே ஈரம் படாத சிறு பீரோவில் ஒரு மாத ஸ்டாக், நிரப்பும் வேலைக்கு அவருடைய சம்பளத்தில் ஒரு தொகை. மூன்றாவதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஏற்கெனவே கழுவும் வேலைக்கே குறைந்த கூலி வாங்குபவர் மீது இன்னொரு வேலையைச் சும்மா ஏற்றிவிட்டு, மெஷின் காலியாகக் கிடப்பதற்கு அவரைக் குறை சொல்வது அநியாயம்.

இத்தனைக்கும் பேசாமல் ஒரு கூடையில் நாப்கினைப் போட்டு அந்தப் பணியாளர் அருகில் வைத்துவிடலாமே, மெஷின் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பகல் முழுவதும் ஒரு பெண் பணியாளர் இருக்கும் இடத்தில், உதாரணமாகப் பெண்கள் கல்லூரி விடுதியிலோ சிறிய அலுவலகத்திலோ, கூடையே மேல். அங்கே மெஷினுக்குச் செலவழிக்காதீர்கள். ஆனால் பல கட்டணக் கழிப்பிடங்களில் வாசல் மேசையில் உட்கார்ந்து காசு வாங்குபவர் ஆண். அவரிடம் கேட்பதைவிடக் கறைபட்ட துணியோடு பேருந்தில் ஏறிவிடலாம் என்று நினைக்கிற பெண்கள்தான் அதிகம். மருந்துக் கடையில் நாப்கினை இன்னமும் கறுப்புப் பையிலோ செய்தித்தாளிலோ சுற்றித்தான் கொடுக்கிறார்கள். அந்தக் கூச்சம் சரியா தவறா என்ற விவாதம் தனியாக நடக்கட்டும்; அது முடியும் வரை ரத்தம் காத்திருக்காது. மெஷினின் முதன்மையான பயன், யாரிடமும் வாய் திறந்து கேட்க வேண்டியதில்லை என்பதே. இதனாலேயே அதை வாசல் மேசைக்குப் பக்கத்தில், ஆண்கள் போய் வரும் வழியில் மாட்டக் கூடாது. பெண்கள் பகுதிக்குள், கைகழுவும் இடத்துக்கு அருகில் ஆனால் தண்ணீர் தெறிக்காத தூரத்தில், சக்கர நாற்காலியில் இருப்பவர் கைக்கும் எட்டும் உயரத்தில் வையுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான தனிக் கழிப்பறை இருந்தால் அங்கே இன்னொன்று வேண்டும். பெண்கள் பகுதிக்குள் போக முடியாத திருநம்பிகளுக்கும் அது உதவும்.

எங்கே கிடைக்கும் என்று தெரிவிப்பதில் செயலிக்கு உண்மையான வேலை இருக்கிறது. மாதவிடாய்ப் பொருட்களை யாருக்கும் இலவசமாகத் தர வேண்டும் என்ற சட்டத்தை 2020 நவம்பரில் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் எதிர்ப்பின்றி நிறைவேற்றியது. அது 2022 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. நூலகம், சமூகக் கூடம் என்று எங்கெங்கே பொருள் கிடைக்கும் என்பதைக் காட்ட அங்கே பிக்அப் மை பீரியட் என்ற செயலி இருக்கிறது. கவனிக்க வேண்டியது, அந்தச் செயலி வழிகாட்டுகிறதே ஒழிய வாயிலில் நின்று தடுக்கவில்லை. போன் இல்லாதவரும் நூலகத்துக்குள் நடந்து போய் எடுத்துக்கொள்ளலாம். நம் ஊரில் தனிச் செயலி உருவாக்கக்கூட அவசியமில்லை. பொதுக் கழிப்பறைகளை கூகுள் மேப்பில் ஏற்றும் வேலை தூய்மை இந்தியா திட்டத்தின்கீழ் ஏற்கெனவே நடந்திருக்கிறது. அந்தக் குறிப்போடு நாப்கின் உண்டு என்ற ஒரு வரியைச் சேர்த்தால் போதும். மெஷினின் மேல் ஒரு கியூ.ஆர். கோடும் ஒட்டலாம், பணம் வாங்குவதற்கல்ல, காலி என்று புகார் சொல்வதற்கு. அதிலும் பெயர், எண் எதையும் கேட்காதீர்கள். தட்டினால் அந்த மெஷினின் எண் தானாகப் போய்ச் சேர வேண்டும்.

உள்ளே வைக்கும் பொருளைப் பற்றிச் சுருக்கமாக. தங்கள் நாப்கின் மட்டுமே பொருந்தும்படி பெட்டியை வடிவமைத்து, மெஷினை மலிவாகக் கொடுத்துவிட்டுப் பிறகு ரீஃபிலில் சம்பாதிக்கும் நிறுவனங்கள் உண்டு. எந்த நாப்கினையும் ஒரே அளவு அட்டை உறையில் மடித்துப் போட்டால் வேலை செய்யும் மெஷினையே கேளுங்கள். விறைப்பான அட்டை உறை, சிக்கிக்கொள்ளும் தொல்லையையும் தீர்க்கும். கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தத்தின் குறைந்த விலை இயந்திரம் வந்த பிறகு நாப்கின் தயாரிப்பு மகளிர் சுய உதவிக் குழுக்கள் கைக்கொள்ளும் தொழிலாகிவிட்டது. உறையிடும் வேலையையும் அப்படிப்பட்ட குழு ஒன்றிடம் கொடுக்கலாம். மென்ஸ்டுரல் கப் இருக்க நாப்கின் எதற்கு என்ற கேள்வியும் வரும். கேரளத்தில் கும்பளங்கி ஊராட்சி 2022 ஜனவரியில் நாப்கின் இல்லாத கிராமமாக அறிவிக்கப்பட்டது, அதற்காகக் கப்கள் விநியோகிக்கப்பட்டன. வீட்டில் தொடர்ந்து பயன்படுத்த அது மிக நல்ல பொருள், பல ஆண்டு உழைக்கும், குப்பை சேராது. ஆனால் முதல் முறை போட்டுப் பழகச் சற்று நேரமும் சுத்தமான தண்ணீரும் தனிமையும் வேண்டும். வழியில் திடீரென்று வந்தவருக்கு அதைப் பழக்க முடியாது.

குப்பை பற்றிய ஆட்சேபத்தைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். நாப்கின் கொடுத்துவிட்டுப் போட இடம் கொடுக்காத கழிப்பறையில் அது கோப்பைக்குள் போகும், குழாய் அடைக்கும், கடைசியில் ஒரு மனிதரின் கையில் வந்து முடியும். இதற்குப் பரிகாரமாக டெண்டர்களில் வெண்டிங் மெஷினோடு ஜோடியாக மின்சார இன்சினரேட்டர் ஒன்றும் வந்துவிடுகிறது. வாங்காதீர்கள் என்பதே என் பரிந்துரை. நாப்கினில் பிளாஸ்டிக் விரிப்பும் ஈரத்தை உறிஞ்சும் பாலிமர் பொடியும் இருக்கின்றன. இவை போதிய வெப்பமின்றி எரிந்தால் நச்சுப் புகை வரும். மருத்துவக் கழிவு எரிப்பான்களுக்கு 2016 விதிகள் இரண்டாவது அறையில் 1,050 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பமும் உயரமான புகைபோக்கியும் கேட்கின்றன. சுவரில் மாட்டும் சிறு பெட்டிக்கு இரண்டாவது அறையே கிடையாது. புகை கழிப்பறைக்குள்ளோ ஜன்னலுக்கு வெளியிலோ போகிறது. அதற்குப் பதில் ஒவ்வொரு தனியறையிலும் காலால் மிதித்துத் திறக்கும் மூடியுள்ள தொட்டி, மெஷினின் அட்டை உறையோடு சேர்ந்தே வரும் சுற்றிப்போடும் காகிதம், தினமும் தனியாக அகற்றுதல் ஆகிய மூன்றும் போதும். சுற்றிப்போட உறை தர வேண்டியது தயாரிப்பாளரின் கடமை என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளிலேயே சொல்லப்பட்டது. புனேயில் ஸ்வச் என்ற குப்பை சேகரிப்போர் கூட்டுறவு அமைப்பு, பயன்படுத்திய நாப்கினைக் காகிதத்தில் சுற்றிச் சிவப்புப் புள்ளி வைக்கும்படி வீடுகளைக் கேட்டுக்கொண்டது. பிரித்துப் பார்க்காமலே உள்ளே என்ன என்று தொழிலாளிக்குத் தெரிந்துவிடும். அந்தப் புள்ளியை உறையிலேயே அச்சடித்துவிட ஆகும் செலவு ஒன்றுமில்லை.

கடைசியாக டெண்டர் வாசகம். இப்போதைய நடைமுறையில் மெஷினை மாட்டிக் காட்டியதும் பில் பாஸாகிறது. ஒரு வருட உத்தரவாதம், பிறகு ஏ.எம்.சி. எனப்படும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுவதில்லை, அதோடு கதை முடிந்தது. மெஷினுக்காகத் தனியாகப் பணம் கொடுக்காமல், நிரம்பியிருந்த நாட்களுக்காக மாதாமாதம் கொடுங்கள். பின்பக்கக் கணக்கு அதற்காகத்தான். கழிப்பறை திறந்திருந்த மொத்த நேரத்தில் பெட்டி காலியாக இருந்த நேரம் ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் முழுத் தொகை, தாண்டினால் அதற்கேற்பப் பிடித்தம் என்று ஒரு ஷரத்து போதும். அந்த எண்ணை அலுவலகத்துக்குள் வைத்துக்கொள்ளாமல் மெஷின் மேலேயே மாதந்தோறும் எழுதி ஒட்டச் செய்யுங்கள். விற்பனையாளர்கள் முணுமுணுப்பார்கள். சிலர் டெண்டரில் கலந்துகொள்ளவே மாட்டார்கள். மெஷினை மாட்டியதோடு மறந்துவிட நினைத்திருந்தவர்கள் அவர்கள்தான், போகட்டும். முதலில் ஒரே ஒரு பேருந்து நிலையத்தில், இரண்டு மெஷினோடு, ஆறு மாதம் நடத்திப் பாருங்கள். அந்த ஆறு மாதத்துக் காலி நேரக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த நூறு மெஷினுக்கான எஸ்டிமேட்டைப் போடுங்கள்.